பாவாயி அக்கா வேண்டிக்கொள்ளவில்லை

கடந்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நீண்ட யோசனைக்குப் பிறகு, இரவு உணவுக்குப் பின் சாப்பிடும் ஒற்றை வாழைப்பழத்தைக் கைவிடுவதென்று முடிவு செய்தேன். மருத்துவர் இரண்டு ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டதற்கு இணங்க எடுக்கப்பட்ட முடிவு இது. வீட்டில் முறைப்படி அறிவித்தேன். மனைவி ஆட்சேபம் தெரிவிக்கவில்லை. மீதமிருந்த சிக்கல் ஒன்றுதான். மோகனூர் பஸ் நிலையத்துக்கு எதிரில் தள்ளுவண்டியில் பழம் விற்கும் பாவாயி அக்காவிடம் இதைச் சொல்லியாக வேண்டும். தெருவே கேட்கும்படி என்ன பதில் வரும் என்று எண்ணியபடி சட்டையை மாட்டிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. அவருடைய தம்பி பொன்னுசாமி பேசினார்.

"அக்கா போயிருச்சுங்க. காப்பி கொண்டுட்டுப் போனா எந்திரிக்கல."

அவரை அறிந்த உங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தத் தொப்பியாகத்தான் இருக்கும். சேலைக்கு மேல் முன்பக்கம் இரண்டு பை தைத்த கித்தான் ஏப்ரன், தலையில் சாம்பல் நிறக் கம்பளித் தொப்பி. சித்திரை வெயிலிலும் அதைக் கழற்றியதில்லை. அது எங்கிருந்து வந்தது என்று பலருக்குத் தெரியாது. தெரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

அக்கா நர்சாக லண்டனின் கிழக்குப் பகுதியில் முப்பது வருடங்களுக்கு மேல் வேலை பார்த்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம் "ஷிப்ட் ஒத்து வரலீங்க" என்பார். சனிக்கிழமை விடுப்பு நாட்களில், பக்கத்துத் தெருச் சந்தையில் பெக்கி என்ற அம்மாளின் பழக்கடையில் கூடமாட நின்றிருக்கிறார். ஏப்ரனும் தொப்பியும் அந்தக் கடையில் மாட்டிக்கொண்டவை. பெக்கி ஒரு காக்னி. கிழக்கு லண்டன் உழைப்பாளிகளை அப்படித்தான் சொல்வார்கள். தெரியாத ஆளையும் 'டார்லிங்' என்று கூப்பிட்டு, கூப்பிட்ட வாயாலேயே கேலி செய்து, கேலி செய்த கையாலேயே ஒரு பழம் கூடுதலாகப் போடுகிறவர்கள். பெக்கியிடம் கற்றதை அக்கா ஒரே வரியில் சொல்வார்: "சிரிச்சுட்டே திட்டோணும் சாமி. திட்டிட்டே ஒண்ணு சேத்திப் போடோணும்." வாரத்தில் ஐந்து நாள் நர்சு, சனிக்கிழமைதான் பாவாயி என்றும் சொல்லியிருக்கிறார்.

ஓய்வு பெற்று மோகனூருக்கு வந்தவரைத் தம்பி குடும்பம் மரியாதையோடு மாடியில் குடிவைத்தது. கல்யாண வீடுகளில் அவருக்கு முன்வரிசை நாற்காலி. 'லண்டன் அக்கா' என்று யாரோ அறிமுகம் செய்வார்கள், அவர் தலையசைப்பார். அவரைப் பேசவிடாமல் செய்ய அந்த நாற்காலியே போதுமானதாக இருந்தது. இரண்டு வருடத்தில் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை, தூக்கத்துக்கு மாத்திரை. ஒருநாள் என்னிடம், "கண்ணாடியப் பாத்தா ஆரோ ஒரு பெரிய மனுசி உக்காந்திருக்கறா சாமி. எனக்கு அவளப் பழக்கமில்ல" என்றார். நான் நடைப்பயிற்சியைப் பரிந்துரைத்தேன்.

மூன்றாவது வருடம் ஒரு காற்றில் பொன்னுசாமியின் வாழைத்தோட்டம் பாதி சாய்ந்தது. விளையாத சிறு தார்களை மண்டிக்காரர் எடுக்கவில்லை. மாட்டுக்குப் போட வெட்டிக்கொண்டிருந்தபோது அக்கா மாடியிலிருந்து இறங்கி வந்து, பத்துத் தாரைத் தனியே எடுத்துவைத்தார். பழுத்ததும் பெட்டியிலிருந்த ஏப்ரனையும் தொப்பியையும் எடுத்து மாட்டிக்கொண்டார். ஒரு தள்ளுவண்டியை வாடகைக்குப் பிடித்து பஸ் நிலையத்துக்கு எதிரில் போய் நின்றார். அந்தக் குரலை நீங்கள் கேட்டிருக்கிறீர்கள்.

"வாங்க கண்ணு வாங்க! தோலு கருப்பு, உள்ள வெள்ள! உங்க மாமியாளுக்கு நேர் எதுருங்க! ஆரது பாத்துட்டே போறது? பாக்கறதுக்குக் காசில்லீங்க, மொறைக்கறதுக்குத்தானுங்க காசு!"

பொன்னுசாமி அன்று மதியமே என் வீட்டுக்கு வந்தார். கோபமாக இல்லை, வியர்த்திருந்தார். அவர்கள் வகையறாவில் வாழையைத் தாராக, தோட்டத்தில் வைத்தே, வியாபாரிக்குக் கொடுப்பார்கள். நஷ்டப்பட்டாலும் தாராகத்தான் நஷ்டப்படுவார்கள். சீப்பாகப் பிரித்து ரோட்டில் நின்று விற்பது அவர்கள் அகராதியில் இல்லை.

"பொண்ணு குடுத்த எடத்துல என்ன சொல்லுவேனுங்க? அக்காளப் போயி வேண்டாங்கவும் வாய் வரமாட்டேங்குது. ரெண்டு வருசத்துக்கப்பறம் இன்னைக்குத்தான் ரெண்டு இட்லி சேத்திச் சாப்பிட்டுது. நீங்க படிச்சவங்க, ஒரு வழி சொல்லுங்க."

இதை ஒப்புக்கொள்வது இந்த அஞ்சலியின் நோக்கங்களில் ஒன்று. வழி சொன்னவன் நான். நம் பக்கத்தில் வேண்டுதல் என்றால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. காரில் வந்து இறங்குகிறவர்கள் கோயில் வாசலில் மடிப்பிச்சை எடுப்பார்கள், ஊரே அரிசி போடும். "அக்காவுக்கு வேண்டுதல் என்று சொல்லிவிடுங்கள்" என்றேன். பொன்னுசாமியின் முகம் தெளிந்தது. மறுநாள் மாலைக்குள் ஊர் முழுக்கச் செய்தி போய்விட்டது.

அதன் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. வண்டியருகே வருகிறவர்கள் செருப்பைக் கழற்றினார்கள். சொன்ன விலையை இரண்டு கையாலும் கொடுத்தார்கள். அக்கா மாமியாரைப் பற்றிக் கூவினால் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி நடுரோட்டில் அவர் காலில் விழுந்தது. பழம் பத்து மணிக்குள் தீர்ந்துகொண்டிருந்தது. ஒரு வாரத்தில் அக்காவின் குரல் இறங்கிவிட்டது. முன்வரிசை நாற்காலியைத் தெருவுக்கே கொண்டுவந்து போட்டுவிட்டேன் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

ஒன்பதாம் நாள் தொப்பியோடு என் வீட்டு வாசலுக்கு வந்தார்.

"ஏஞ்சாமி, எனக்கு என்ன வேண்டுதல்?"

"பொன்னுசாமி ரொம்ப வருத்தப்பட்டார் அக்கா..."

"அவன் எதுக்கு வருத்தப்படலீன்னு சொல்லு. இந்தப் புத்தி அவனுக்கு வராது. ஆரு குடுத்தது?"

சொன்னேன். அவர் திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. படியில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"ஒரு நாய் எதுத்துப் பேச மாட்டேங்குது. ஒருத்தியும் பழம் நைஞ்சு போச்சுன்னு சொல்ல மாட்டேங்கறா. நைஞ்சுதான் போச்சு, எனக்கே தெரியுது. இதுக்கு மாடியிலயே கெடந்திருக்கலாமே சாமி."

பிறகு எழுந்தார். "கட்டி உட்டது நீ. அவுத்து உடறதும் நீதான். நாளைக்கு ஒம்போதரைக்கு வந்து எங்கிட்ட வெல பேசு. சத்தமாப் பேசு."

நான் கல்லூரியில் முப்பது வருடம் பொருளாதாரம் நடத்தியவன். விலை எப்படி உருவாகிறது என்பதைக் கரும்பலகையில் ஆயிரம் முறை கோடு போட்டுக் காட்டியிருக்கிறேன். ஒரு முறையும் பேரம் பேசியதில்லை. அன்றிரவு சொல்லவேண்டியதை ஒரு தாளில் எழுதிப் பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் நாமக்கல் பஸ் நின்றுகொண்டிருந்தது. வண்டியைச் சுற்றி ஏழெட்டுப் பேர் வெறுங்காலோடு நின்றார்கள். நான் செருப்போடு போனேன்.

"ஏனுங்க, சீப்பு என்ன விலை?"

"அம்பது."

"இதுக்கா? முப்பதுக்குத் தாங்க."

பக்கத்தில் நின்ற ஒருவர் என் முழங்கையைப் பிடித்தார். "சார், வேண்டுதல் பழமுங்க. வெல பேசுனா சாமி குத்தமாயிரும்."

"ஆரு வேண்டுனது?" அக்காவின் குரல் பஸ்ஸுக்குள் போய்த் திரும்பியது. "எந்தச் சாமிகிட்டயும் நான் ஒண்ணுங் கேக்கலீங்க. பழம் விக்கறேன், பழம்!" என் பக்கம் திரும்பினார். "முப்பது வருசம் காலேசுல வெலவாசி சொல்லிக் குடுத்தவரு வந்திருக்கறாரு பாருங்க. முப்பது ரூவாய்க்குத் தோலு மட்டுந் தாரேன். ஊட்டுக்குக் கொண்டுட்டுப் போயி உள்ளாற பழத்த அவரே செஞ்சுக்கட்டும்!"

யாரும் சிரிக்கவில்லை. எனக்கு அடுத்த வரி மறந்துவிட்டது. தாள் சட்டைப் பையில் இருந்தது. அப்போது பஸ் படியில் நின்ற கண்டக்டர் விசில் அடித்தார். பக்கத்தில் பூ விற்கிற ராசம்மா, "நாப்பதுக்குக் குடுத்து உடுக்கா, பாவம், மனுசனுக்கு வேர்த்துக் கொட்டுது" என்றாள்.

"நாப்பத்தஞ்சு. வேர்வைக்கு அஞ்சு தள்ளியிருக்குது."

வாங்கினேன். ஒரு பழம் சேர்த்துப் போட்டார். எனக்குப் பின்னால் நின்ற அம்மாள் தயங்கித் தயங்கி, "எனக்கும் நாப்பத்தஞ்சுதானுங்களா?" என்று கேட்டார். "உனக்கு அறுவது. அந்த மூக்குத்திக்குக் கட்டுபடியாகும்" என்றார் அக்கா. அதற்குத்தான் முதல் சிரிப்பு வந்தது. செருப்புகள் கால்களுக்குத் திரும்பின.

அன்று மாலை என் வீட்டைக் கடந்து போனவர் ஒரு நிமிடம் நின்று, "இன்னைக்குத்தான் சாமி நான் ஊருக்கு வந்து சேந்திருக்கறேன்" என்றார்.

அதன்பின் நான்கு வருடம். தூக்க மாத்திரை நின்றது. ரத்த அழுத்த மாத்திரை நிற்கவில்லை. அது வேறு காரணத்தால் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். பொன்னுசாமி தினமும் விடிகாலையில் பழுத்த தார்களை வண்டியில் ஏற்றிவிட்டு, தானும் பஸ் நிலையம் போக வேண்டியிருந்தால் பின்தெரு வழியாகப் போய்வருவார். இந்த ஏற்பாட்டைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

தொப்பி தம்பி வீட்டில் இருக்கிறது. ஏப்ரனை எனக்குக் கொடுத்தார்கள். அது என் இடுப்புக்கு எட்டவில்லை. நான் அவரிடமிருந்து வைத்துக்கொண்டிருப்பது அந்தத் திட்டு. அதற்கு முன்பு இந்த ஊரில் எல்லோரும் என்னை 'சார்' என்று சொல்லி வழிவிட்டார்கள். பஸ் நிலையத்தில் திட்டு வாங்கிய நாளிலிருந்து நின்று பேசுகிறார்கள்.

மூன்றாம் நாள் காரியம் முடிந்தபின் பொன்னுசாமி மீண்டும் அழைத்தார். "பழுக்கப் போட்ட தாரு ஆறு அப்பிடியே கெடக்குதுங்க. பழுத்தத மண்டியில எடுக்க மாட்டாங்க." மாட்டுக்குப் போடலாமே என்றேன்.

மறுநாள் காலை பஸ் நிலையத்துக்கு எதிரில் வண்டி நின்றது. வண்டியிலிருந்து நான்கடி தள்ளி, வெள்ளைச் சட்டையில், வேறு யாருக்கோ காத்திருப்பவர்போல் பொன்னுசாமி நின்றிருந்தார். கண்டக்டர் படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, வேண்டுதலுங்களா?"

பொன்னுசாமி அந்த நான்கடியையும் நடந்து வண்டிக்குப் பின்னால் போய் நின்றார்.

"இல்லீங்க. விக்கறேன்."

"சீப்பு முப்பதுன்னாக் குடுங்க."

"அம்பதுங்க."

நாமக்கல் பஸ் அன்று பத்து நிமிடம் தாமதமாகக் கிளம்பியது.