இடப்பக்கத்து பிரேக்

தருமபுரியில் ஒரு பெண் காரைப் பின்னால் எடுக்கும் முன் கண்ணாடியைப் பார்த்து 'பிஸ்மில்லா' என்று முணுமுணுத்தால், அவள் பெயர் கோவிந்தம்மாளாக இருந்தாலும் சரி, லூர்துமேரியாக இருந்தாலும் சரி, உமைராவிடம் கார் பழகியவள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். கற்றுக்கொடுத்தவள் சொன்னதையெல்லாம் தானும் சொல்லாவிட்டால் வண்டி நகராது என்று அவர்கள் நம்பிவிட்டார்கள். உமைராவும் திருத்தவில்லை. நல்ல வார்த்தைதானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

பதினோரு வருஷமாக அவள் பெண்களுக்கு மட்டும் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். சொந்தக் கார், ஒரு வெள்ளை ஆல்டோ. கூரையில் சிவப்பு எழுத்தில் ஸ்கூல் பலகை. பழக வந்தவள் வலப்பக்கம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வியர்ப்பாள். இடப்பக்கம் உமைரா உட்கார்ந்திருப்பாள். அவள் காலடியிலும் ஒரு கிளச், ஒரு பிரேக் உண்டு. டிரைவிங் ஸ்கூல் வண்டிகளில் எல்லாம் இருப்பதுதான். அந்த இடப்பக்கத்து பிரேக்கால்தான் இவ்வளவு கதையும்.

ஒன்றரை வருஷத்துக்கு முன் ஒரு சந்தை நாளில், காரிமங்கலம் கடைவீதியில் அது நடந்தது. பழக வந்திருந்த ராணியம்மாள் டீச்சர், பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை அழுத்திவிட்டார். வண்டி துள்ளிக்கொண்டு ஓரத்தில் போனது. உமைரா தன் பக்கத்து பிரேக்கை ஏறி மிதித்தாள். இரண்டு கூடை தக்காளி நசுங்கியது. கூடைக்குப் பின்னால் குந்தியிருந்த பெண்ணின் முழங்காலுக்கும் பம்பருக்கும் இடையே ஒரு சாண் இருந்தது. அந்தப் பெண் திட்டவில்லை, அழவில்லை, பம்பரையே பார்த்துக்கொண்டிருந்தாள். உமைராவுக்கு அந்தப் பார்வைதான் மறக்கவில்லை.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்கள். உமைராவுக்கு நேர்மாறாக ஆயிற்று. அவள் கால் அந்த பிரேக்கை விட்டு அகலவே மறுத்தது. எதிரே நாய் வந்தால் மிதி, சைக்கிள் திரும்பினால் மிதி, தூரத்தில் பஸ் தெரிந்தாலே மிதி. பக்கத்தில் இருப்பவள் யோசிக்கும் முன்பே இவள் கால் முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கொள்ளும். பழக வந்தவர்களுக்கு அது சௌகரியமாகத்தான் இருந்தது. சோபனா வரும் வரையில் யாரும் குறை சொல்லவில்லை.

சோபனா வத்தல்மலைக்காரி, கிராமச் சுகாதாரச் செவிலியர். மலைக்கு மேலே தடுப்பூசி போடப் போக பஸ்ஸை நம்பி முடியாது என்று பழைய கார் ஒன்றை வாங்கிப் போட்டிருந்தாள். லைசென்ஸ் டெஸ்டில் இரண்டு முறை தோற்றாள். இரண்டு முறையும் இறக்கத்தில் பிரேக் பிடிக்க மறந்துவிட்டாள். இரண்டாம் முறை தோற்ற அன்று காரை ஓரமாக நிறுத்திவிட்டு, உமைராவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"அக்கா, தப்பா நெனச்சிக்காதீங்க. நீங்கதான் வண்டி ஓட்டறீங்க. நா சும்மா ஸ்டியரிங்க புடிச்சிட்டு ஒக்காந்திருக்கறேன். வண்டி தானா நின்னுக்கும்னு என் காலு நெனச்சிட்டுது."

உமைரா அன்று வீட்டுக்குப் போய் சாப்பிடவில்லை. பொய் சொல்லியிருந்தால் கோபப்பட்டிருக்கலாம். அவள் சொன்னது சத்தியமான உண்மை. மூன்றாவது டெஸ்டுக்கு மூன்று வாரம் இருந்தது. அதற்குள் தன் காலை அடக்க முடியாவிட்டால் கூரைப் பலகையைக் கழற்றிவிட்டு, கணவர் ஜாவீத்தின் சீட் கவர் கடையில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்துவிடுவது என்று முடிவு செய்தாள். ஒருத்திக்குத் தொழில் சொல்லிக்கொடுக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு அவளை முடமாக்குவது பாவம் இல்லையா?

அந்த வாரம்தான் போனில் ஒரு விளம்பரம் வந்தது. கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு ரேஸ் தடத்தில், ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள், யார் வேண்டுமானாலும் சொந்தக் காரைக் கொண்டுவந்து ஓட்டலாம். பக்கத்தில் பயிற்சியாளர் உட்கார்ந்து சொல்லித் தருவார். உமைரா அதை நாலு தடவை படித்தாள். எவ்வளவு தூரம் வரை பிரேக்கைத் தொடாமல் பொறுத்திருக்கலாம் என்பதை ஊருக்குள் சோதித்துப் பார்க்க முடியாது. அதற்குத் தக்காளிக் கூடை இல்லாத ஒரு ரோடு வேண்டும்.

"ரேஸா? நம்ம ஆல்டோலயா?" என்றார் ஜாவீத், வாயில் வைத்த டீயை விழுங்காமல்.

"ரேஸ் இல்லீங்க. யாரையும் முந்த வேண்டியதில்ல. நம்ம வண்டிய நாம ஓட்டிப் பாக்கறது."

"அத இங்கயே சேலம் ரோட்ல ஓட்டிப் பாக்கக் கூடாதா?"

"சேலம் ரோட்ல ஆள் இருக்காங்களே."

ஜாவீத் சம்மதித்தார். மனைவியின் கால் தூக்கத்தில்கூட மெத்தையை மிதிப்பதை அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

பயிற்சியாளர் பெயர் முருகேஷ், சேலத்துக்காரர். போனில் வரிசையாகச் சொன்னார்: வண்டிக்குள் உருளக்கூடிய பொருள் ஒன்றும் இருக்கக் கூடாது, பிரேக்கையும் டயரையும் மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு வரவேண்டும், முழுக்கைப் பருத்திச் சட்டை, மூடிய ஷூ, ஹெல்மெட். சீட் கவர் வழுக்கும், அதைக் கழற்றிவிடுங்கள் என்றும் சொன்னார். அந்தக் கவர் ஜாவீத் கைப்படத் தைத்தது, ஓரத்தில் கொசுவம் வைத்தது. "வழுக்குதாமா? இருக்கட்டும், இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அவர் ஒரு சாயங்காலம் முழுக்க அந்தக் கொசுவத்தை நீவிக்கொண்டிருந்தார். மறுநாள் அவரே கழற்றி மடித்து வைத்தார்.

வண்டியைக் காலி செய்தபோதுதான் பதினோரு வருஷக் குப்பை வெளியே வந்தது. குடை, விசிறி, யாரோ விட்டுப்போன குழந்தையின் ஒற்றை ஷூ, குள்ளமானவர்கள் உயரம் சேர்த்துக்கொள்ள இரண்டு தலையணை, சோபனா கொண்டுவந்து கொடுத்த மலைச் சாமை கால் படி. தலையில் போடும் துணியில் ஊசி குத்தக் கூடாது, ஹெல்மெட்டுக்குள் அது ஆபத்து என்று நினைத்து, ஊசியே தேவைப்படாத பருத்திக் குல்லா ஒன்றை ஜாவீத்திடம் சொல்லித் தைத்துக்கொண்டாள். வாழ்நாளெல்லாம் செருப்போடு ஓட்டியவள், கேன்வாஸ் ஷூ வாங்கி, தெருவில் நாலு நாள் போட்டு நடந்து பழகினாள். பக்கத்து வீட்டார் சர்க்கரை வியாதி வந்துவிட்டது என்றே நினைத்தார்கள்.

கடைசியாக அவள் முருகேஷிடம் ஒன்று கேட்டாள். "எங்க வண்டில இடப்பக்கமும் ஒரு பிரேக் இருக்குதுங்க. பரவாயில்லீங்களா?"

முருகேஷ் சிரித்தார். "அடடா, அது இருந்தா எனக்குப் பெரிய நிம்மதிங்க. புதுசா வர்றவங்க பக்கத்துல ஒக்காந்து நா படற பாடு எனக்குத்தான் தெரியும். வேணுங்கறப்ப நா புடிச்சிக்குவேன். நீங்க பயப்படாம ஓட்டலாம்."

உமைரா சரிங்க என்று போனை வைத்தாள். வைத்த பிறகு மனம் கசந்தது. ஏன் என்று முதலில் புரியவில்லை. அவ்வளவு தூரம் போய், ஷூவும் குல்லாவும் போட்டுக்கொண்டு ஓட்டுவது இவள். ஆனால் நிறுத்துவது அவர். அப்படியானால் ஓட்டியது யார்? அந்த இடத்தில் சோபனாவின் குரல் அவள் காதில் அப்படியே கேட்டது. ஒன்றரை வருஷமாக எத்தனை பெண்களை இந்த நிலையில் உட்காரவைத்திருக்கிறோம் என்று நினைத்ததும் அவளுக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது.

மறுநாள் காலை வண்டியை அர்ச்சுனனின் பட்டறைக்குக் கொண்டுபோனாள். அர்ச்சுனன் வண்டியின் வயிற்றுக்குள் தலையைவிட்டால் பேச்சுக் கொடுக்கக் கூடாது என்பது ஊருக்கே தெரியும். பிரேக் பேடைப் புதிதாக மாற்றி, பிரேக் ஆயிலை முழுக்க வடித்து வேறு ஊற்றி, சக்கர நட்டு ஒவ்வொன்றையும் இறுக்கிப் பார்த்து, பாட்டரியை அசைத்துப் பார்த்து முடித்து நிமிர்ந்தார்.

"அண்ணா, இந்த இடப்பக்கத்துப் பெடல கழட்டிடுங்க."

அர்ச்சுனன் கையைத் துடைப்பதை நிறுத்தினார். "அது எதுக்கும்மா? அது பாட்டுக்குக் கெடக்குது."

"வேணாம்ங்கண்ணா. திங்கக்கெழம திரும்ப மாட்டிக்கலாம்."

"அப்புறம் ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா?"

"நா புடிச்சிக்கறேன்."

சொல்லிவிட்டாளே தவிர, அவர் பெடலைக் கழற்றிக் கோணிப்பையில் சுற்றிக் கையில் கொடுத்தபோது, திரும்ப மாட்டச் சொல்லிவிடலாமா என்று அவளுக்குத் தோன்றியது. அர்ச்சுனன் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். அவள் பிஸ்மில்லா சொல்லி அதன்மேல் ஏற்றினாள். கூரைப் பலகையும் இல்லாமல் வண்டி மொட்டை போட்ட பிள்ளை மாதிரி இருந்தது.

சனிக்கிழமை காலை கிளம்பினார்கள். தொப்பூர் இறக்கத்தில் லாரிகள் முனகிக்கொண்டு ஊர்ந்தன. உமைராவும் அவற்றின் பின்னால் இரண்டாவது கியரில், காலை பிரேக் மேலேயே வைத்துக்கொண்டு இறங்கினாள். பெடல் இல்லாத இடத்தில் ஜாவீத் காலை நீட்டிக்கொண்டு, "இவ்வளவு எடமா இருந்துச்சு இங்க?" என்று சந்தோஷப்பட்டார். இறக்கம் முடிவதற்குள் அவள் அறுபது தடவையாவது மிதித்திருப்பாள். இந்தக் காலை வைத்துக்கொண்டு நாளை என்ன செய்யப் போகிறோம் என்று அவளுக்குக் கவலை வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை தடத்தில் நின்ற வண்டிகளைப் பார்த்ததும் ஜாவீத் ஆல்டோவைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தச் சொன்னார். யாரும் கேலி செய்யவில்லை. வண்டியைச் சோதித்த ஆள் டிக்கியைத் திறந்து பார்த்துவிட்டு, காலையிலிருந்து இவ்வளவு சுத்தமான வண்டியைப் பார்க்கவில்லை என்றார். முருகேஷ் ஏறி உட்கார்ந்தார், கீழே பார்த்தார், உமைராவைப் பார்த்தார்.

"பெடல் இருக்குதுன்னீங்களே?"

"வூட்ல வச்சிட்டு வந்துட்டேனுங்க."

அவர் பெல்ட்டை இன்னொரு முறை இழுத்துப் பார்த்துக்கொண்டார். நேர் ரோடு முடிந்து வளைவு வரும் இடத்துக்கு முன்னால் மூன்று சிவப்புக் கூம்புகள் தூரம் விட்டு வைத்திருந்தார்கள். "மூணாவது கூம்பு வரைக்கும் பிரேக்கத் தொடாதீங்க" என்றார்.

முதல் சுற்றில் முதல் கூம்புக்கு முன்பே மிதித்தாள். வண்டி பாதி வழியில் நின்றேவிட்டது. மறுபடி முடுக்கி வளைவுக்குப் போக வேண்டியிருந்தது. "இன்னும் ரோடு நெறைய இருக்குதுங்க" என்றார் முருகேஷ் பொறுமையாக. இரண்டாம் சுற்றிலும் அதே கதை. மூன்றாம் சுற்றில் இரண்டாவது கூம்பு வரை தாக்குப்பிடித்தாள். நான்காவது சுற்றில் ஆல்டோ தன் உயிரைக் கொடுத்து நூறைத் தொட்டது. முதல் கூம்பு போனது. இரண்டாவது போனது. ரோட்டில் யாரும் இல்லை, கூடை இல்லை, முழங்கால் இல்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். மூன்றாவது கூம்பு கண்ணுக்கு நேரே வந்தது.

அப்போது இடப்பக்கம் 'தொம்' என்று ஒரு சத்தம் கேட்டது. முருகேஷ் தன் வலது காலால் வெறும் தரையை ஓங்கி மிதித்திருந்தார்.

உமைரா அதற்குப் பிறகுதான் பிரேக் பிடித்தாள். வண்டி மூக்கைத் தாழ்த்தி, சத்தமில்லாமல் வேகம் குறைந்து, வளைவுக்கு முன்னால் இன்னும் இரண்டு வண்டி நீளம் இடம் மிச்சம் இருக்க, சாதுவாகத் திரும்பியது. ஹெல்மெட்டுக்குள் அவள் சிரித்தது வெளியே கேட்டிருக்க வேண்டும்.

"பழக்க தோஷம்ங்க" என்றார் முருகேஷ், கூச்சத்தோடு.

"தெரியும்ங்க" என்றாள் உமைரா. "அந்தக் கால எனக்கு நல்லாத் தெரியும்."

எத்தனையோ பேரோடு இதே தடத்தில் சுற்றியவர், வேகம் பழகியவர், அவரே மிதிக்கிறார். இடப்பக்கம் உட்கார்ந்தால் யாருக்கும் ரோடு குறைவாகத்தான் தெரியும் போலிருக்கிறது. எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது பிரேக்கில் கால் வைத்திருப்பவளுக்குத்தான் தெரிகிறது. பதினோரு வருஷமாக இது தெரியாமல் போயிற்றே என்று நினைத்தாலும், அன்றைக்கு அவளுக்கு வருத்தம் வரவில்லை. மீதிச் சுற்றுகளை ஆசை தீர ஓட்டினாள்.

திங்கட்கிழமை அர்ச்சுனன் பெடலைத் திரும்ப மாட்டினார். செவ்வாய்க்கிழமை காலை சோபனாவைக் கூட்டிக்கொண்டு வத்தல்மலை ரோட்டுக்குப் போனாள். டெஸ்டுக்கு ஒரு நாள்தான் இருந்தது. மலையிலிருந்து சோபனா வண்டியை இறக்கும்போது, ஒரு வளைவு தாண்டியதும் ரோட்டை அடைத்துக்கொண்டு ஆட்டு மந்தை. உமைரா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். வாயைத் திறக்கவில்லை. வண்டி வேகம் குறைந்தது, குறைந்தது, முதல் ஆட்டுக்குப் பத்தடி முன்னால் குலுங்காமல் நின்றது. ஆடுகள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன.

சோபனா நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "நல்லவேள, புடிச்சிட்டீங்கக்கா" என்றாள்.

உமைரா கீழே கையைக் காட்டினாள். சோபனா குனிந்து பார்த்தாள். பிரேக்குக்கு முன்னால் உமைராவின் செருப்பு இரண்டும் தனியே கிடந்தன. கால் இரண்டையும் அவள் பின்னுக்கு இழுத்து சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"நீதான் புடிச்ச, சோபனா" என்றாள்.