மிளகுத்தூள் டப்பா

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். இந்தத் தீவுக்குக் கப்பலில் வந்து இறங்கி, கல் சுமந்து, காண்ட்ராக்டராகி, இங்கேயே டாலிகஞ்சில் வீடு கட்டினேன். யாரிடமும் எதையும் கேட்டுக் கற்றதில்லை என்று மார்தட்டுவேன். அதனால் பட்ட அவமானத்தை எழுதக் கை கூசுகிறது.

சிப்பிகாட் தோட்டத்தில் மிளகு வாங்கி, அரைத்து, தகர டப்பாவில் வைப்பேன். யார் சமைத்தாலும், கொதிக்கிற சட்டிக்கு மேலே டப்பாவைக் கவிழ்த்துத் தட்டுவது நான்தான்.

"மாமா, ஆவியில பிடிக்காதீங்க, ஈரம் ஏறிப் பூசணம் பிடிச்சிடும். காஞ்ச ஸ்பூன்ல எடுத்துப் போடுங்க," என்பாள் மருமகள்.

"அரே, நாப்பது வருசமா இந்த மழைக்குள்ள மிளகு திங்கிறேன். நீ நேத்து வந்தவ."

அவளைப் பெற்றவர்கள் மெயின்லாந்திலிருந்து முதல்முறையாக வந்தார்கள். மருமகள் மீன் வறுத்தாள். பரிமாறும்போது டப்பாவைத் தட்டினேன், தூள் விழவில்லை. அடியில் ஓங்கிக் குத்தினேன். கட்டி கட்டியாக விழுந்ததை விரலால் நசுக்கி, சம்பந்திகள் தட்டிலும் என் தட்டிலும் தூவினேன்.

"ஏக்தம் அசல் சரக்கு, சம்பந்தி!"

சாயங்காலம் சம்பந்திகள் இருவருக்கும் வாந்தி, பேதி. எனக்கும் பேதிதான்; யாரிடமும் சொல்லவில்லை. டப்பாவை வெளிச்சத்தில் பார்த்தேன். உள்விளிம்பெல்லாம் சாம்பல் நிறத்தில் பூசணம் பூத்திருந்தது. அள்ளிக் கொல்லையில் கொட்டினேன்.

திரும்பி வந்து நான் சொன்னது இதுதான்: "மீனை ஒழுங்காக் கழுவலையோ என்னவோ."

அவள் அப்பா மகளைப் பார்த்தார். "மீன் கழுவக்கூடத் தெரியாமலா உன்ன வளத்தோம்?"

அவள் தலைகுனிந்து கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

அவர்கள் தேறிக் கப்பலேறிய பிறகு, "தப்பு மீன்ல இல்லம்மா," என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் மாமா. கொல்லையில கொட்டினதப் பாத்தேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"என்னைப் பெத்தவங்க முன்னாடி உங்கள எப்படி மாமா...?"

ஊரையே வாயால் கட்டியவன் நான்; சம்பந்திக்குப் போன் போட எனக்கு மூன்று நாள் ஆயிற்று. உண்மையைச் சொல்லி முடித்ததும் அவர், "போனை எம் பொண்ணுகிட்ட குடுங்க," என்றார்.

கொடுத்துவிட்டு வாசலுக்கு வந்தேன். உள்ளே அவள் அழுவது கேட்டது.