எட்டாம் எண் வண்டியின் இடப்பக்கம்

தெருவில் அவளுக்குப் பல்லக்கா என்று பெயர். பல் செட் செய்யும் லேபில் வேலை. மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளில் ஜிப்சம் மாவைக் கரைத்து ஊற்றி, மெழுகில் பற்களை அடுக்கி, இளஞ்சிவப்பு அக்ரிலிக்கில் ஈறு வார்த்து, முகம் தெரியாத யார் யாரோ மென்று சாப்பிட வழி செய்து கொடுப்பவள். மாமியாரின் மேல்வரிசை, கீழ்வரிசை இரண்டும் அவள் கைவேலைதான்.

"நான் பண்ணிக் கொடுத்த பல்லாலேயே என்னைக் கடிக்கிறாங்க" என்று அவள் முணுமுணுத்தால், அடுத்த அறையிலிருந்து மாமியார் குரல் வரும். "பல்லு கச்சிதமா உக்காந்திருக்குடி. அதான் கடிக்க முடியுது."

லேப் வேலை முடிந்து வந்ததும் அவள் உட்காருவது கணவரின் மேசையில். அவர் தையல்காரர். வீட்டின் முன்னறைதான் கடை. துணி வெட்டும் நீள மேசையின் ஒரு முனை மட்டும் அவளுடையது. அந்த முனையில் சின்னச் சின்ன அரங்களும், ஒற்றை மயிர்த் தூரிகைகளும், பல் துளைக்கும் உடைந்த ஊசிகளும் ஒரு பிஸ்கட் டப்பாவில் கிடக்கும். அங்கே அவள் செய்வது கார்கள். விளையாட்டுச் சாமான் அல்ல, அசலை அங்குலம் அங்குலமாக அளந்து இருபத்து நான்கில் ஒரு பங்காகக் குறுக்கிய பழைய ஸ்டாக் கார்கள். ஸ்டாக் கார் என்றால் ஒன்றும் பெரிய மர்மமில்லை. கடையில் விற்கும் சாதாரணக் காரை வாங்கி, பின் சீட்டைப் பிடுங்கி எறிந்து, கூரைக்குள் இரும்புக் குழாய்க் கூண்டு கட்டி, கதவை வெல்டிங் வைத்து மூடி, வட்டப் பாதையில் இடப்பக்கமாகவே சுற்றிச் சுற்றி ஓட்டுவது. ஊருக்கு வெளியே அப்படி ஒரு பாதை உண்டு. அதன் முதல் வருஷத்தில் பன்னிரண்டு வண்டிகள் ஓடின. அவற்றில் ஒன்றுகூட இப்போது இல்லை. எல்லாம் பழைய இரும்புக்குப் போய்விட்டன.

ஏன் கார் என்று கேட்டால் அவளுக்குப் பதில் தெரியாது. அப்பா டிரைவரும் இல்லை, அண்ணன் மெக்கானிக்கும் இல்லை. சின்ன வயதில் ஒரு தடவை பந்தயம் பார்த்தாள். நசுங்கின வண்டி ஒன்று கடைசியாக வந்தும் நிற்காமல் ஓடி முடித்தது. அவ்வளவுதான், ஒட்டிக்கொண்டது. அவள் வண்டிகள் எல்லாம் ஈறு வார்க்கும் அதே அக்ரிலிக்கில் செய்தவை. பெயிண்ட் அடிக்கும்வரை இளஞ்சிவப்பாக இருக்கும். "உன் காருக்கு எல்லாம் ஈறு இருக்கு. இன்னும் பல்லு மட்டும்தான் முளைக்கலை" என்பார் கணவர்.

பந்தயப் பாதையின் கிளப்பில் ஒரு பெரிய கண்ணாடி அலமாரி வைக்கப் போவதாகப் பேச்சு வந்தது. முதல் வருஷத்துப் பன்னிரண்டு வண்டிகளின் மாதிரிகளும் அதில் நிற்கும், கீழே செய்தவர் பெயர் இருக்கும். பதினொன்றை கிளப் ஆட்களே செய்துவிட்டார்கள். எட்டாம் எண் வண்டியை மட்டும் ஒருவரும் தொடவில்லை. அதற்கு இருந்தது ஒரே ஒரு புகைப்படம். அதை நம்பி எவன் உட்காருவான் என்று எல்லோரும் நழுவிவிட்டார்கள். அவள் கை தூக்கினாள்.

அதற்கு முன்பு கிளப்பின் ஒவ்வொரு வருஷக் கண்காட்சிக்கும் அவள் ஏதாவது ஒன்றைக் கொண்டு போனாள். ஒவ்வொரு வருஷமும் அதை வாசலோரம், தீயணைப்புக் குடுவைக்குக் கீழே, ஒரு முக்காலியில் வைத்தார்கள். வருகிறவர்கள் அதன் பக்கத்தில் குடையைச் சாய்த்துவிட்டு உள்ளே போவார்கள். ஒருத்தர் அதையே பார்த்துக்கொண்டு நின்றபோது அவளுக்கு நெஞ்சு படபடத்தது. அவர் தேடியது செருப்பு விடும் இடத்தை. ஆகவே கண்ணாடிக்குள் ஓர் இடம் என்றால் அவளுக்குச் சும்மா அல்ல.

புகைப்படத்தை கிளப் செயலாளர் பழைய நெகட்டிவிலிருந்து பிரதி எடுத்துக் கொடுத்தார். அடர்நீல வண்டி, வெள்ளைக் கூரை, கதவில் கையால் எழுதிய எட்டு. வேறு எழுத்து எதுவும் இல்லை. மூக்கு வலப்பக்கம் பார்க்க, வண்டியின் வலப்புறம் முழுசாகத் தெரிந்தது. பின் சக்கரத்துக்கு மேலே பெட்ரோல் மூடி, கதவுக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் புகைக்குழாய், முன்பக்கம் ஒரு பெரிய தகர ஒட்டு. கதவில் சாய்ந்து ஓட்டுநர் நின்றதால் வண்டிக்குள் ஒன்றும் தெரியவில்லை.

மூடி அவளை உறுத்தத்தான் செய்தது. இடப்பக்கமாகவே சுற்றும் பாதையில், பெட்ரோல் ஊற்றும் ஆட்கள் உள்வட்டத்தில், அதாவது இடப்பக்கம் நிற்பார்கள். மற்றப் பதினொன்றுக்கும் மூடி இடப்பக்கம்தான். இது மட்டும் ஏன் இப்படி? யோசித்து யோசித்து, இதுதான் இந்த வண்டியின் விசேஷம் என்று முடிவு கட்டினாள். செயலாளரிடமும் சொன்னாள். அவருக்கு ஒரே சந்தோஷம். "அப்படிப் போடுங்க! இதை விளக்கப் பலகையிலேயே அச்சடிச்சிடுறேன்மா. 'வலப்பக்கம் மூடி வைத்த ஒரே வண்டி.' ஜனங்களுக்கு இந்த மாதிரி ஒண்ணு வேணும்."

அதன் பிறகு அவளுக்கு அது சந்தேகமாக இல்லை, பெருமையாக ஆகிவிட்டது. புகைக்குழாயைப் பல் கம்பியில் வளைத்தாள். மூடியைக் கடைந்து, லேபில் பல் பளபளப்பாக்கும் சக்கரத்தில் காட்டி மின்ன வைத்தாள். நீலத்தை நாலைந்து தடவை கலந்து, கடைசியில் அசல் மாதிரி ஒன்று கிடைத்ததும் ஒரு புட்டி நிறைய வைத்துக்கொண்டாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எட்டை எழுதினாள். திறப்பு விழாவுக்குச் சில வாரங்கள் இருக்கும்போதே வண்டி முடிந்துவிட்டது.

முடிந்த வண்டியைப் புகைப்படத்துக்குப் பக்கத்தில் வைத்து, கணவரைக் கூப்பிட்டாள். "ஏங்க, கொஞ்சம் பாருங்க. ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியுதா?"

அவர் நாடாவைக் கழுத்தில் போட்டபடி குனிந்து பார்த்தார். "வண்டி அப்படியே இருக்கு. அந்த ஆளோட சட்டைதான் சரியில்லை."

"சட்டையை யாரு கேட்டா?"

"இல்ல, பாக்கெட்டை வலது பக்கம் வச்சிருக்கான். பட்டனும் பொம்பளைங்க சட்டை மாதிரி மாத்திப் போட்டிருக்கான். எவனோ கத்துக்குட்டி தச்சிருக்கான்னு அப்பவே நினைச்சேன்."

அவள் கையில் இருந்த தூரிகை நின்றது. "அப்பவேன்னா?"

"நீ படத்தைக் கொண்டாந்த அன்னிக்கு."

"ஏன் சொல்லலை?"

"நீ காரைப் பத்தித்தானே கேட்ட?"

லேப் பையிலிருந்து வாய்க்குள் பார்க்கும் குட்டிக் கண்ணாடியை எடுத்தாள். புகைப்படத்தின் ஓரத்தில், தூரத்துச் சுவரில், ஒரு மங்கல் கிறுக்கல் இருந்தது. இத்தனை நாளும் பூச்சி அரித்த கறை என்று நினைத்திருந்தாள். கண்ணாடியைச் சாய்த்து அதில் பார்த்தாள். எழுத்துகள் நேராக நின்றன: கழிப்பறை.

நெகட்டிவைப் புரட்டி வைத்துப் பிரதி எடுத்ததில் படமே இடம் வலமாகியிருக்கிறது. எட்டை எந்தப் பக்கம் திருப்பினாலும் எட்டுதான். வேறு எந்த எண்ணாக இருந்திருந்தாலும் முதல் பார்வையிலேயே பல்லிளித்திருக்கும். மூடி, குழாய், ஒட்டு எல்லாமே அசலில் இடப்பக்கம். விசேஷமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பன்னிரண்டோடு பன்னிரண்டாக அதுவும் ஒரு வண்டி.

"என்னடி, யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று மாமியார் எட்டிப் பார்த்தாள்.

"காருக்குப் பக்கம் மாறிப்போச்சாம்மா" என்றார் கணவர்.

"அவ்வளவுதானா? திருப்பி வைக்கச் சொல்லு."

அவள் செயலாளருக்குப் போன் செய்தாள். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார். "அம்மா, அந்த வண்டியைப் பார்த்த ஆளு எவன் இருக்கான் இப்ப? யாருக்குத் தெரியப் போகுது? அப்படியே குடுங்க."

"எனக்குத் தெரியும் சார்."

"அது சரி."

"நான் மாத்திடுறேன். நீங்க படத்தையும் பலகையையும் மாத்திடுங்க."

"பாக்கலாம்மா, பாக்கலாம்."

அந்தப் 'பாக்கலாம்' எந்த ரகம் என்று அவள் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. வண்டியோடு மல்லுக்கட்டவே அவளுக்கு நேரம் போதவில்லை.

தின்னரில் முக்கினால் பெயிண்ட் போகும், கூடவே அக்ரிலிக்கும் இளகிவிடும். ஆகவே உப்புத்தாள் வைத்துக் கையால் தேய்த்தாள். வலப்பக்கத்து ஓட்டையை அடைத்தாள். அடைத்த இடம் காய்ந்ததும் குழிந்தது. மறுபடி அடைத்தாள். இடப்பக்கம் துளை போடும்போது ஊசி வழுக்கிக் கதவில் ஒரு கோடு இழுத்தது. புட்டியில் மிச்சமிருந்த நீலம் ஒரு பக்கத்துக்குத்தான் வந்தது. புதிதாகக் கலந்ததோ பகலில் ஒரே நிறமாகவும் டியூப் லைட்டில் இரண்டு நிறமாகவும் தெரிந்தது. வேறு வழியில்லாமல் முழு வண்டியையும் தேய்த்து, முழுசாகப் புது நீலம் அடித்தாள். அது காயும் முன்னே கணவர் கத்தரித்த துணியிலிருந்து ஒரு பிசிறு பறந்து வந்து கூரையில் உட்கார்ந்தது.

"நான் வேணும்னா கொஞ்ச நாள் வெட்டாம இருக்கட்டுமா?" என்றார் அவர்.

"வெட்டாம என்ன பண்ணுவீங்க?"

"உன்னைப் பாத்துப் பயந்துட்டு உக்காந்திருப்பேன்."

அவள் சிரிக்கவில்லை. லேபில் ஒரு பல் செட்டின் கடைவாய்ப் பல்லைத் தடுமாறி இடம் மாற்றி அடுக்கிவிட்டு, முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். இடமா வலமா என்று எதைத் தொட்டாலும் ஒரு கணம் நிற்கும் வியாதி வந்துவிட்டது. ஆனால் விழாவுக்கு முந்தைய நாள் வண்டியைச் செயலாளர் கையில் ஒப்படைத்தபோது, அதில் அவளால் ஒரு குற்றம்கூடச் சொல்ல முடியவில்லை. சும்மா சொல்லக் கூடாது, முதலில் செய்ததைவிட இது நன்றாக வந்திருந்தது.

விழா அன்று கணவரோடு கிளப்புக்குப் போனாள். கூடத்தில் நல்ல கூட்டம். கண்ணாடி அலமாரி சுவரோடு ஒட்டி நின்றது. அதன் மேலே, ஆள் உயரச் சட்டத்துக்குள், அந்தப் புகைப்படம். பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள், அதே தப்பான பக்கமாக. கீழே பன்னிரண்டு வண்டிகளுக்கும் சேர்த்து ஒரே நீளப் பலகை. எட்டாவது இடத்தில் அவள் பெயர், அதன் கீழே: 'வலப்பக்கம் பெட்ரோல் மூடி வைத்த ஒரே வண்டி.' படத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்று வண்டியின் மூக்கையும் வலப்பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். மூடி, குழாய், ஒட்டு எல்லாம் சுவரைப் பார்த்து நின்றன. ஜனங்களுக்குத் தெரிந்தது மொட்டையான வலப்பக்கம்.

இரண்டு பேர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"படத்துல குழாய் இருக்கு, இதுல காணோமே."

"மூடியும் இல்லடா. எழுதி வேற வச்சிருக்காங்க. செஞ்சவங்க மறந்துட்டாங்க போல."

"மத்ததெல்லாம் எவ்வளவு சுத்தமா இருக்கு, பாரு."

அவள் முன்னால் வந்தாள். "மறக்கலைங்க. அந்தப் பக்கம் இருக்கு" என்றாள். அவர்கள் அவளையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தலையாட்டிக்கொண்டு ஒன்பதாம் எண்ணுக்கு நகர்ந்தார்கள்.

செயலாளர் மாலையோடு வாசலுக்கும் கூடத்துக்குமாக ஓடிக்கொண்டிருந்தார். அவள் குறுக்கே போய் நின்றாள்.

"சார், மாத்துறேன்னு சொன்னீங்களே."

"பாக்கலாம்னுதான்மா சொன்னேன். சட்டம் போட்டாச்சு, பலகை அச்சாயிடுச்சு. ஒரு வண்டிக்காக மறுபடியும் முதல்லேருந்தா? விருந்தாளி வர்ற நேரம், அப்புறம் பேசலாம்."

"அலமாரியைத் திறங்க."

"எதுக்கு?"

"ஒண்ணு அந்தப் படம் இங்க இருக்கணும், இல்ல என் வண்டி இருக்கணும். ரெண்டும் சேர்ந்து இருக்காது. எதுன்னு நீங்களே சொல்லுங்க."

அவள் குரல் உயரவில்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது போலிருக்கிறது. ஒரு நாளும் சண்டைக்கு வராத ஆள் கண்ணாடிக் கதவில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள், வெளியே விருந்தாளியின் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்கிறது, பன்னிரண்டு வண்டி என்று அழைப்பிதழில் போட்டாயிற்று. அவர் கணவரைப் பார்த்தார்.

"நீங்களாவது சொல்லுங்க சார்."

"நான் சட்டையைப் பத்தி மட்டும்தான் சொல்லுவேன். அந்தச் சட்டையும் தப்புதான்" என்றார் கணவர்.

செயலாளர் சாவியை எடுத்தார். அவள் எட்டாம் எண்ணைத் தூக்கி, மூக்கை இடப்பக்கம் திருப்பி, மூடியும் குழாயும் வெளியே தெரிய வைத்தாள். கணவர் நாற்காலி போட்டு ஏறிச் சட்டத்தைக் கழற்றினார்.

"படம் கிளப் சொத்தும்மா" என்றார் செயலாளர் பலவீனமாக.

"நெகட்டிவைச் சரியா வச்சு வேற ஒண்ணு எடுங்க. அன்னிக்கு இதைத் திருப்பிக் குடுத்துடுறேன்."

பலகையை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அதை அலமாரியோடு சேர்த்து ஒட்டியிருந்தார்கள். விருந்தாளி உள்ளே வந்தார், நாடா வெட்டினார், பலகையைப் படித்தார். படித்துவிட்டு எட்டாம் எண்ணிடம் குனிந்து, "இது வலப்பக்கமா?" என்று செயலாளரைக் கேட்டார். "ஆமாங்க" என்றார் செயலாளர்.

அதற்கு மேல் அவளால் அங்கே நிற்க முடியவில்லை. சட்டம் பேருந்துக் கதவுக்குள் நுழையாது. ஆகவே ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்கள். எதிரே வந்த பால்காரர் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்.

"படத்துல யாரு, அப்பாவா?"

"யாரோ தெரியாத ஆளுங்க" என்றார் கணவர்.

"வண்டி நல்லாருக்கு."

"நல்லா இல்லை" என்றாள் அவள், நிற்காமல்.

கணவர் முனையை மாற்றிப் பிடித்துக்கொண்டார். "வண்டிதான் கண்ணாடிக்குள்ள போயிடுச்சே. உன் பேரும் இருக்கு. இன்னும் ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்க?"

"என் பேருக்குக் கீழே பொய் இருக்குங்க."

பலகையில் இருந்த மை எந்த வகை, எதில் கரையும் என்று அவள் யோசித்துக்கொண்டு வந்தாள். லேபில் மூன்று நாலு திரவங்கள் உண்டு. நாளைக்கு ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக்கொண்டு, பஞ்சும் எடுத்துக்கொண்டு போக வேண்டும். பெயர் அழியாமல் அந்த ஒரு வரியை மட்டும் துடைப்பது லேசுப்பட்ட வேலை அல்ல.