ஜீப்புக்கு நான் வைத்த அடையாளம்

எனக்குச் சந்தேகப் புத்தி கொஞ்சம் அதிகம். இதைச் சொல்லிக்கொள்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை, இத்தனை வருடமாக எனக்குச் சோறு போடுவதே அதுதான். அரியலூர் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில், எடைமேடையில் வேலை. சுண்ணாம்புக்கல் ஏற்றி வரும் லாரியை மேடையில் நிறுத்தி எடை போட வேண்டும். கல்லைக் கொட்டிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போது மறுபடியும் போட வேண்டும். இந்த இரண்டு எடைக்கும் நடுவில் நடக்கும் வித்தைகளைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். உள்ளே வரும்போது கேபினில் நாலு ஆளைப் படுக்க வைத்திருப்பார்கள், திரும்பும்போது அந்த நாலு பேர் டீக்கடையில் இருப்பார்கள். வெறும் வண்டியின் பின்சக்கரத்தை மேடைக்கு வெளியே ஒரு சாண் தள்ளி நிறுத்துவார்கள். அதனால் யார் என்னிடம் சிரித்துப் பேசினாலும் நான் முதலில் அவருடைய சக்கரத்தைத்தான் பார்ப்பேன்.

அந்தப் புத்தியை ஆலை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கலாம். வீட்டுக்கும் கூட்டி வந்தேன். என் மகள் பிளஸ் டூ படித்தபோது அவள் போனில் ஒரே எண் அடிக்கடி வருவதைக் கண்டேன். அவள் குளிக்கப் போயிருந்த நேரத்தில் அந்த எண்ணைக் கூப்பிட்டு, நீ யார், என் பெண்ணிடம் உனக்கு என்ன பேச்சு என்று கேட்டுவிட்டேன். எதிரில் பேசியவர் அவளுடைய டியூஷன் சார். வகுப்பில் எல்லாருக்கும் விஷயம் தெரிந்துபோனது. அவள் அழவில்லை, சண்டையும் போடவில்லை. என்னிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள், அவ்வளவுதான். சாப்பாடு ஆச்சா என்று கேட்டால் ஆச்சு என்பாள். பெரம்பலூரில் ஒரு பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் சேர்ந்ததைக்கூட அவள் அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஒரே வீட்டில் ஒன்றரை வருடம் அப்படிப் போயிற்று. மகளை என் கையாலேயே தொலைத்துவிட்டேன் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. எங்கே போய்த் தேடுவது என்றுதான் தெரியவில்லை.

அப்போதுதான் விக்கிரமங்கலத்தில் ஒரு காதுகுத்துக்குப் போனோம். பந்திக்குக் காத்திருந்த நேரத்தில் அவள் பக்கத்து வீட்டு மாட்டுக்கொட்டகையை எட்டிப் பார்த்தாள். உள்ளே ஒரு பழைய ஜீப் நின்றது. நாலு சக்கரத்துக்கும் இழுவை போகிற அந்தக்கால வண்டி. பச்சை நிறம் என்று கண்டுபிடிக்கவே கொஞ்ச நேரம் ஆகும். டயர்கள் மண்ணில் புதைந்திருந்தன. பின்சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. என் மகள் திரும்பி, "இத வாங்கி நாமளே ஓட வைக்கலாமாப்பா?" என்று கேட்டாள்.

ஒன்றரை வருடத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் முழு வாக்கியம் அது. எனக்கு ஸ்பேனரை எந்தப் பக்கம் திருப்பினால் போல்ட் கழலும் என்பதுகூடத் தெரியாது. வாங்கலாம் என்றேன்.

வாங்கினேனே தவிர, சும்மா வாங்கவில்லை. விற்றவர் நான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார், அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. சாஸி எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து, ஆர்சி புத்தகத்தோடு மூன்று முறை ஒத்துப் பார்த்தேன். அந்த வீட்டு அம்மா அடைகோழியை முட்டையோடு கூடைக்கு மாற்றும்போதுகூட சீட்டுக்கு அடியிலிருந்து எதையாவது எடுக்கிறாரா என்று நின்று கவனித்தேன். என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். வண்டி எங்கள் வீட்டுக் கொட்டகைக்கு வந்து இறங்கியதும், பழைய இரும்புக்காரனைக் கூப்பிட்டால் அவனும் கும்பிடு போட்டுவிட்டு ஓடிவிடுவான் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமைகள் எங்களுடையவை ஆயின. அவள் போனில் பார்த்துப் பார்த்துச் சொல்வாள், நான் கழற்றுவேன். துருப்பிடித்த போல்ட்டில் டீசலை ஊற்றி ஒரு நாள் ஊற வைக்க வேண்டும் என்பது தெரியாமல் முதல் வாரமே மூன்றை முறித்தேன். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். கிரீஸ் கையோடு மூக்கைத் துடைத்துக்கொண்டு எதையாவது சொல்லிக்கொண்டே இருப்பாள், வகுப்பில் பெண்கள் மூன்று பேர்தான் என்று, லேபில் அவளிடம் யாரும் வெல்டிங் கம்பியைத் தருவதில்லை என்று. எல்லாம் வண்டியைப் பார்த்துச் சொல்வாள், என்னைப் பார்த்து இல்லை. எனக்கு அது போதுமாக இருந்தது. வண்டி சீக்கிரம் சரியாகிவிடக் கூடாதே என்றுகூட நினைத்திருக்கிறேன்.

இன்ஜின் மட்டும் எங்களுக்கு அடங்கவில்லை. ஆயிலில் தண்ணீர் கலந்து மோர் மாதிரி வந்தது. விசாரித்ததில் பாடாலூரில், திருச்சி சென்னை சாலை ஓரமாகப் பட்டறை வைத்திருக்கும் ஒரு பாயைச் சொன்னார்கள். லெப்பைக்குடிக்காட்டுக்காரர். வளைகுடாவில் பாலைவனத்தில் ஓடும் வண்டிகளைப் பல வருடம் பார்த்துவிட்டுத் திரும்பியவர். இன்ஜினை டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனோம். அவர் கழற்றிப் பார்த்துவிட்டு, மேலே மூடிபோல் உட்காரும் ஹெட் வளைந்திருக்கிறது, பெரம்பலூரில் லேத்தில் கொடுத்து சரிபண்ண வேண்டும் என்றார். அவசரப்படாமல் பேசினார், பெரிய செலவு சொல்லிப் பயமுறுத்தவும் இல்லை. இவ்வளவு நல்லவராக இருக்கிறாரே என்று அன்றைக்கே எனக்குள் அரிக்க ஆரம்பித்துவிட்டது.

பட்டறைக்கு வண்டி விடுகிறவர்கள் எங்கள் பக்கத்தில் ஒரு காரியம் செய்வார்கள். பட்டறைக்காரர்கள் நல்ல பாகத்தை எடுத்துக்கொண்டு தேய்ந்ததை மாட்டிவிடுவார்களோ என்ற பயத்தில், ஒவ்வொன்றிலும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு அடையாளம் வைத்துவிடுவார்கள். பாட்டரியில் பெயிண்ட் புள்ளி, டயரின் உள்பக்கம் பிளேடு கீறல். பழைய ஜீப்பின் ஒரிஜினல் சாமானுக்கு ஊர் ஊராக ஆள் அலைகிறார்கள் என்று வேறு எங்கேயோ கேட்டிருந்தேன். அதனால் இன்ஜினைக் கொண்டுபோவதற்கு முன்பே, மகள் கல்லூரிக்குப் போயிருந்த ஒரு நாள், பம்பு, டைனமோ என்று ஒன்று விடாமல் மூன்று புள்ளி குத்தி வைத்திருந்தேன். ஹெட்டில்தான் யோசனை. வெளிப்பக்கம் குத்தினால் பார்த்துவிட்டு அதே மாதிரி இன்னொன்றில் குத்திவிடுவார்கள். எனவே பாயின் பட்டறையில் அதைக் கழற்றி வைத்த அன்று, அவரும் என் மகளும் டீ வாங்கப் போன நேரத்தில், அதைப் புரட்டிப் போட்டேன். அடிப்பக்கம் பலகைபோல் வழவழவென்று இருந்தது. பைக் சாவியால் முடியாமல் உளியை எடுத்து, குறுக்கே ஆழமாக ஒரு கோடு இழுத்தேன். யார் கண்ணிலும் படாத இடம் என்று எனக்கு ஒரே திருப்தி.

இரண்டு வாரம் கழித்து ஹெட் லேத்திலிருந்து வந்துவிட்டது என்று பாய் போன் செய்தார். மகளைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு போனேன். மேசைமேல் பளபளவென்று இருந்தது. நான் வேறு எதையும் பார்க்காமல் அதைத் திருப்பினேன். கோடு இல்லை. வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பார்த்தேன். விரலால் தடவினேன். இல்லவே இல்லை. எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்கூட வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். பிடித்துவிட்டேன் அல்லவா.

"இது எங்க வண்டி ஹெட் இல்ல பாய்" என்றேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டே எப்படிச் சொல்கிறேன் என்று கேட்டார். அடையாளம் வைத்தேன், இருந்த இடத்தில் காணோம், எங்கள் ஹெட் எந்த ஊருக்குப் போயிருக்கிறது என்று நான் சத்தமாகவே கேட்டேன். பக்கத்து பஞ்சர் கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பாய் என் மகளைப் பார்த்தார். அவள் முகம் சிவந்து போயிருந்தது.

"அந்தப் பக்கந்தாம்ப்பா இன்ஜின் மேல ஒட்டி உக்காரும். வளைஞ்சதை சரி பண்ண அதைத்தான் லேத்துல சீவுவாங்க. நீங்க இழுத்த கோடும் அதோட போயிருச்சு. கோடு ஆழமா இருந்ததால அதுக்குன்னு இன்னொரு தடவை சீவ வேண்டியதாயிருச்சு. பாய் அன்னைக்கே பாத்துட்டு எங்கிட்ட காட்டினாரு. நான்தான், அப்பாவுக்கு சங்கடமா இருக்கும், சொல்லாதீங்கன்னேன்."

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று இப்போது தெரிகிறது. அப்போது, அது சரி, ஆனால் இது அதே ஹெட்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டேன். கேட்டு முடிப்பதற்குள்ளேயே நாக்கைக் கடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது. அவள் சாலைக்கு நடந்து, வந்து நின்ற டவுன் பஸ்ஸில் ஏறிவிட்டாள். பயத்தில் நான் பைக்கை எடுத்துக்கொண்டு பெரம்பலூர் வரை அந்தப் பஸ்ஸின் பின்னாலேயே போனேன். பின் கண்ணாடி வழியே அவள் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அங்கேயும் நான் அவளை வேவு பார்த்து வருகிறேன் என்றுதான் நினைத்திருப்பாள்.

அடுத்த ஞாயிறு அவள் கொட்டகைப் பக்கம் வரவில்லை. அதற்கு அடுத்ததும் வரவில்லை. சாப்பாடு ஆச்சா, ஆச்சு என்ற இடத்துக்கே திரும்பிவிட்டோம். நான் தனியாகப் போய் ஜீப்பின் வெற்று வயிற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். குணம் போகுமா? அரியலூரில் தெரியாத ஒரு பட்டறையில் போய், நண்பர் வண்டிக்குக் கேட்பதுபோல, ஹெட்டைச் சீவினால் அடியில் இருக்கும் கீறல் நிற்குமா என்று கேட்டேன். அங்கிருந்தவர், அந்த இடத்தில் எந்த மடையன் கீறுவான் என்று திருப்பிக் கேட்டார். நண்பர்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன். கோடு ஏன் மறைந்தது என்பது தீர்ந்தது. ஹெட் எங்களுடையதா என்பது தீரவில்லை.

மூன்றாவது வாரம் பாடாலூருக்குப் போய் பாயிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடையாளம் வைக்காமல் தன் பட்டறைக்கு வந்த வண்டியே இல்லை என்றார். டயரின் உள்பக்கத்தைப் பார்த்தாலே இது எந்த ஊர்க்காரர் வண்டி என்று சொல்லிவிடுவாராம். அப்புறம் டீயை வைத்துவிட்டு, "சார், ஹெட்ட சீவுன அன்னைக்கு உங்க மவ காலேஜுக்கு லீவு போட்டுட்டு லேத்துல வந்து நின்னுச்சு. ஏத்துனதுலேருந்து இறக்குன வரைக்கும் போன்ல படம் புடிச்சுச்சு. எதுக்கும்மான்னேன். எங்கப்பா கேப்பாங்கன்னுச்சு. அது வூட்ல உங்ககிட்ட காட்டலையா?" என்றார்.

காட்டவில்லை. நான் திரும்பி வந்த வேகத்துக்கு என்னைப் போலீஸ் பிடித்திருக்க வேண்டும். மகள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். லேத்தில் நீ எடுத்த வீடியோவைக் கொஞ்சம் காட்டு என்றேன். மன்னிப்பை முதலில் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை, வீடியோவைத்தான் கேட்டேன்.

"அழிச்சிட்டேன்" என்றாள்.

எப்போது என்று கேட்டேன். பஸ்ஸில் வரும்போது என்றாள். நாங்கள் வரப்போகிறோம் என்று தெரிந்துதான் அன்று அதைப் போனில் தயாராக வைத்திருந்தாளாம். நான் ஹெட்டைத் திருப்பியபோதும், கத்தியபோதும் கையில்தான் இருந்ததாம்.

"பின்ன ஏன் அப்பவே காட்டல?"

அவள் கையிலிருந்த துண்டை உதறிக் கொடியில் போட்டாள். "காட்டியிருந்தா அந்த வீடியோவ நம்பியிருப்பீங்க. என்னைய நம்பியிருக்க மாட்டீங்க."

அப்படி ஒரு வீடியோ உண்மையிலேயே இருந்ததா, பாயும் இவளும் பேசி வைத்துக்கொண்டு சொல்கிறார்களா என்று அந்த நேரத்திலும் எனக்குள் ஒன்று எட்டிப் பார்த்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது, எட்டிப் பார்த்தது. என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த எண்ணம் வந்ததை அவள் பார்த்துவிட்டாள் என்றே நினைக்கிறேன்.

"தப்பு பண்ணிட்டேன்மா" என்றேன். "அந்த ஹெட் நம்மளுதுதான். நீ சொன்னா சரி. நம்புறேன்."

"சும்மா சொல்லாதீங்கப்பா."

சும்மா சொல்லவில்லை என்பதை அவளுக்கு எதை வைத்துக் காட்டுவது என்று யோசித்தேன். காட்ட என்னிடம் எதுவுமே இல்லை. அவளாக நம்பினால்தான் உண்டு. இத்தனை நாளும் அவளை எங்கே நிறுத்தி வைத்திருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. சோப்பு நுரை பட்டுவிட்டது என்று சொல்லக்கூட அங்கே சோப்பு இல்லை.

அவள் காலி வாளியை எடுத்துக்கொண்டு என்னைக் கடந்து போனாள். கதவருகே நின்று, திரும்பாமலே, ஞாயிற்றுக்கிழமை பாடாலூருக்கு எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று கேட்டாள்.