கடலில் தத்தளித்தவர் யார்?

அந்தத் தீவில் படகு எஞ்சின் பழுதுபார்க்க ஒரே ஒரு மெக்கானிக்தான். இளவயதில் எஞ்சின் நின்றுபோய், கடலில் தனியாகத் தத்தளித்து, நனைந்த சட்டையைப் பிழிந்து மழைத்தண்ணீர் குடித்து உயிர் பிழைத்தவர். தீவுக்கே தெரிந்த விஷயம். அவரைக் கேட்டால், "நின்னுச்சு. மிதந்தேன். வந்துட்டேன்" என்பதோடு சரி.

தீவை யாரோ எடுத்த வீடியோ ஊர் உலகமெல்லாம் சுற்றிய பிறகு தீவுக்கு ஆட்கள் சாரி சாரியாக வந்தார்கள். மெக்கானிக் மனைவியின் தம்பி வலையைத் தூக்கிப் போட்டுவிட்டு, படகில் மெத்தை விரித்துச் சுற்றிக்காட்டக் கிளம்பினான். மற்ற படகுக்காரர்கள் ஈ ஓட்ட, அவன் படகுக்கு மட்டும் வரிசை நின்றது. ஏனென்று மெக்கானிக்குக்குப் புரியவில்லை. ஒருநாள் அந்தப் படகின் எஞ்சினருகே குனிந்து வேலை பார்க்கையில் மச்சினனின் தழுதழுத்த குரல் காதில் விழுந்தது.

"சட்டையைப் பிழிஞ்சேங்க. அந்த ரெண்டு சொட்டுதான் இன்னைக்கு உங்க முன்னாடி நிக்குது."

ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மெக்கானிக்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் கடலில் கிடந்த அன்று இவன் காய்ச்சலில் போர்வைக்குள் சுருண்டு கிடந்தவன்.

கூட்டம் இறங்கியதும் கேட்டார். "அது என் கதைடா."

"உங்களதுதான் மாமா. நீங்க சொன்னா மூணு வார்த்தையில முடிஞ்சிடுதே. நான் கரை சேரவே முக்கா மணி நேரம் ஆகும்."

தானும் சொல்லிப் பார்ப்போம் என்று, பட்டறைப் பக்கம் ஒதுங்கிய ஒருவரிடம் ஆரம்பித்தார். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இங்க டாய்லெட் எந்தப் பக்கம்?" என்றார்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். அன்று அவரைக் கரையிலிருந்து தோளில் தூக்கிவந்த டீக்கடைக்காரரே, வெளியூர்க்காரர்களிடம் மச்சினனைக் காட்டி, "இவர் கடல்ல தவிச்ச வருஷந்தான் இந்தக் கடை போட்டேன்" என்றதும், பாதி டீயை வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

"விட்டுத் தொலைங்க. அவன் பொழப்பு" என்றாள் மனைவி.

"பொழப்பை அவனே வச்சுக்கட்டும். என் தாகத்தை எதுக்கு எடுத்தான்?"

மறுநாள் பட்டறையைப் பூட்டிவிட்டு, மச்சினன் படகில் முன்வரிசையில் போய் உட்கார்ந்தார். நடுக்கடலில் அவன் தொண்டையைச் செருமி, "ஒருநாள் எஞ்சின் நின்னுபோச்சுங்க..." என்று தொடங்கினான். மாமாவின் கண்ணைப் பார்த்தான். கதையை அங்கேயே விட்டான். கரை வரும்வரை, பெயர் தெரியாத பறவைகளைக் காட்டிச் சமாளித்தான்.

அதிலிருந்து ஒரு சவாரி விடாமல் மெக்கானிக் ஏறிவிடுகிறார். மச்சினன் படகில் வரிசை குறைந்துவிட்டது. பட்டறை வாசலில் பழுதான எஞ்சின்கள் குவிந்து கிடக்கின்றன.

"பட்டறையைத் திறக்கலையா?" என்று மனைவி தினமும் கேட்கிறாள்.

"சாயங்காலம் பார்க்கலாம். படகு கிளம்பிடும்" என்று செருப்பை மாட்டுகிறார்.