பதினாறாம் தேதி வரி

அன்று மில்லின் கம்ப்யூட்டர் அறையில் மூன்று பேர் இருந்தோம். வருகைக் கணக்கை டைப் செய்யும் நான், சம்பளப் புரோகிராமை எழுதிய மெட்ராஸ்காரர், ஆகஸ்டில் ஒருநாள் கூலி குறைந்தது என்று புகார் கொடுத்த நூற்புப் பிரிவு அக்கா.

எட்டாவதோடு படிப்பை விட்டவள் நான். தப்பு என் டைப்பிங்கில் என்றால் வேலை போய்விடும். ஒரு வாரம் பயந்து பயந்து மரத்துப்போயிருந்தேன்.

புரோகிராமில் தப்பு தேடும் டீபக்கரில் முன்பெல்லாம் மெட்ராஸ்காரர் கட்டளைகளை டைப் செய்வார்; பதில்கள் மேலே ஓடி மறையும், எனக்கு ஒன்றும் விளங்காது. இந்த முறை கொண்டுவந்தது வேறு. திரை கட்டம் கட்டமாகப் பிரிந்திருந்தது. மேலே புரோகிராம் வரிகள், கீழே நான் அடித்த எண்கள்.

"நீங்களே அமுக்குங்க," என்றார்.

ஒவ்வொரு அமுக்கலுக்கும் ஒரு வரி நகர்ந்தது. பதினாறாம் தேதிக்கு நான் வருகையைச் சரியாகத்தான் அடித்திருந்தேன். லீவு நாளுக்கு இரட்டைக் கூலி போடும் வரியை மட்டும் புரோகிராம் தாண்டிப் போனது.

"பிரெஞ்சுக்காரன் ஊரை எழுதிக் குடுத்த நாளு, அன்னைக்கு நம்ம ஊருக்கு லீவாச்சே. மிஷின் தொடைக்க என்னை மட்டும்தான கூப்ட்டாங்க," என்றார் அக்கா.

"மெட்ராஸ்ல அன்னைக்கு லீவு இல்லீங்க. அதான் லிஸ்ட்ல போடல."

"ஏம்பா, கோரிமேட்டு எல்லையத் தாண்டுனா காலண்டரே மாறிடுமா?"

மெட்ராஸ்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, நிம்மதியும் வரவில்லை. விரல் பொத்தான்மேலேயே கிடந்தது.

அவர் தேதியை லீவு லிஸ்டில் சேர்த்துவிட்டு, விட்டுப்போன கூலியை ஆபீஸில் கேட்கச் சொன்னார். நான்தான் சீட்டு எழுதிக் கொடுத்தேன். மில் மூடும்வரை அந்தப் பணம் வரவில்லை. அக்காவுக்கு இன்னும் பாக்கி முப்பத்தெட்டு ரூபாய்.