சாம்பல் மூடி

காப்பார் ஊரைத் தாண்டி, செம்பனைக் காட்டுக்கு நடுவே நின்ற எண்ணெய் மில்லில் நாகையா பாய்லர்மேன். பழம் பிழிந்து மிஞ்சும் நாரையும் கொட்டை ஓட்டையும் அடுப்புக்குள் தள்ளி, நீராவி குறையாமல் பார்த்துக்கொள்வது அவன் வேலை. மீசை அரும்பும் முன்பே மண்வெட்டி பிடித்தவன். நெருப்பின் நிறத்தைப் பார்த்தே அதன் குணத்தைச் சொல்லிவிடுவான். அந்த நெருப்பே ஒருநாள் பெற்ற மகளை வீட்டைவிட்டு விரட்டும் என்று அவன் கனவிலும் நினைக்கவில்லை.

மில்லின் புகைபோக்கியிலிருந்து கரித்தூள், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகள்மேல் ஓயாமல் இறங்கும். சோற்றில் கரி, தலையணையில் கரி. அவன் மகள் கோமதிக்கு ஏழு வயதில் இழுப்பு வந்தது. தோட்டத்து டிரெஸர் அவள் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"மருந்து நான் குடுப்பேன் நாகையா. இந்தக் கரிய யாரு நிறுத்துறது? புள்ளைய வேற எங்கயாச்சும் அனுப்புலா."

செராஸ் பட்டணத்தில் இருந்த பெரியம்மா தனலெட்சுமி வீட்டுக்குக் கோமதி அனுப்பப்பட்டாள். பஸ் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தக் குழந்தை கேட்டது: "நான் என்னாப்பா தப்பு பண்ணேன்?" அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டுதான் நாகையா தினமும் அடுப்பைத் திறந்தான்.

எண்பத்து மூன்றாம் வருஷம் புகையைப் பற்றி அரசாங்கத்திலிருந்து கெடுபிடி வந்தது. மில் நிர்வாகம் 'சைக்ளோன்' வைக்க முடிவு செய்தது. கிள்ளானில் இரும்புப் பட்டறை வைத்திருந்த கௌஸ் அதைச் செய்து கொண்டுவந்து நிறுத்தினார். வீட்டு உயரத்துக்கு ஓர் இரும்புப் புனல். புகை பக்கவாட்டில் நுழைந்து உள்ளே சுழலும். ஈரத்துணியைச் சுழற்றினால் நீர் தெறிப்பதுபோல, தூள் தெறித்துச் சுவரில் மோதிக் கீழே வழியும். தூள் இழந்த புகையை நடுக்குழாய் வழியாக மேலே இருக்கும் பெரிய விசிறி இழுத்துக்கொள்ளும். அடியில் ஒன்றின்கீழ் ஒன்றாக இரண்டு மூடிகள். மேல்மூடியைத் திறந்து சாம்பலை நடுவில் இறக்கி, அதை மூடிய பிறகுதான் கீழ்மூடியைத் திறக்க வேண்டும்.

அன்று நாகையாவின் மனைவி சீதாலெட்சுமி ஒரு புது வெள்ளைத் துண்டைக் கொடியில் போட்டாள்.

"இதுல கரி விழாம ஒரு வாரம் தாண்டட்டும். அன்னிக்கே போயி எம்புள்ளைய கூட்டியாந்துருவேன்."

முதல் சில நாட்கள் துண்டு வெள்ளையாகவே ஆடியது. சீதாலெட்சுமி பாட்டுக்கூடப் பாடினாள். பிறகு ஒரு பெருமழை. மறுநாளிலிருந்து மறுபடியும் கரி! துவைத்துப் போட்டாலும், இடம் மாற்றிப் போட்டாலும் கரி. மாதங்கள் ஓடின.

"சைக்ளோன் வந்துச்சு, வந்துச்சுன்னு குதிச்சீங்களே. இதுக்கு அந்த எடத்துல ஒரு மாமரம் வச்சிருந்தா நெழலாச்சும் கெடைச்சிருக்கும்," என்பாள் சீதாலெட்சுமி. நாகையா நாரைக் குறைத்துப் பார்த்தான், ஓட்டைக் கூட்டிப் பார்த்தான், அடுப்பை அணு அணுவாகக் கவனித்தான். ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் அவன் ஆத்திரம் முழுவதும் கௌஸ்மேல் திரும்பியது. மேனேஜரிடம் போய், "டப்பா செஞ்சி குடுத்து ஏமாத்திட்டாருங்க" என்று கத்திவிட்டு வந்தான்.

கௌஸ் தம் பழைய வேனில் வந்து இறங்கினார்.

"யாரு அண்ணே என் சாமான டப்பான்னு சொன்னது?"

"நான்தான் பாய். எம்மக செராஸ்ல கெடக்கா. ஒங்க டப்பாவ நம்பி நாங்க இங்க கெடக்கோம்."

கௌஸ் ஏணியில் ஏறித் தட்டிப் பார்த்தார். குறை தென்படவில்லை. இறங்கிவந்து புனலின் அடியில் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். இரண்டு மூடிகளும் கம்பியால் இழுத்துக் கட்டப்பட்டு, ஆவென்று திறந்து கிடந்தன. கீழே சாம்பல் குவியல். கீரைப் பாத்திக்கும் பாத்திரம் விளக்கவும் சாம்பல் அள்ள, பிஸ்கட் டின்னோடு அப்போதுதான் வந்து நின்றாள் சீதாலெட்சுமி.

"இத யாரு கட்டுனது?"

"நான்தான்," என்றான் நாகையா, கொஞ்சம் பெருமையோடுகூட. "மழையில சாம்பல் ஊறி நடுவுல அடைச்சிக்கிச்சி. அடுப்புக்குக் கீழ சாம்பல் கதவு தொறந்திருந்தாதானே நெருப்பு மூச்சு விடும், சுத்தமா எரியும்? அதேமாரி தொறந்து விட்டேன். சாம்பலும் நல்லாத்தானே விழுது. பொம்பளைங்களும் அள்ளிக்கிட்டுப் போறாங்க. இங்க ஒக்காந்து தேத்தண்ணி குடிச்சா காத்து வேற ஜிலுஜிலுன்னு வரும்."

கௌஸ் சிகரெட்டைப் பற்றவைத்து, திறந்த வாயருகே புகையை ஊதினார். அது பாம்புபோல வளைந்து சரேலென்று புனலுக்குள் ஏறிப்போனது.

"காத்து வருதுன்னீங்களே, அது எங்க போவுது பாத்தீங்களா? மேல விசிறி இழுக்குது. கீழ ஓட்டை இருந்தா இந்த வழியா காத்து ஏறும். விழுந்த சாம்பலையும் தூக்கிக்கிட்டுப் போவும். கனமானதுதான் கீழ விழும். பொடி பூரா ஒங்க வீட்டு மேலதான். அடுப்பு வேற, இது வேற அண்ணே."

நாகையா தன் கைகளைப் பார்த்தான். அத்தனை காலம் நெருப்போடு வாழ்ந்த கைகள், அந்தக் கைகளேதான், மகள் வரும் வழியைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தன! சீதாலெட்சுமியின் கையிலிருந்து டின் நழுவி உருண்டது.

"நீங்களாங்க?" என்றாள். "அந்தக் கரி பூரா... நீங்களா?"

அவன் வெட்டுக் குறட்டை எடுத்து வெறிபிடித்தவன்போல் கம்பியை வெட்டினான். விரல் கிழிந்து ரத்தம் வழிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. மூடிகள் 'டங்'கென்று மூடிக்கொண்டன. அடியில் வீசிக்கொண்டிருந்த குளிர்காற்று பட்டென்று நின்றது.

அந்த வாரம் முழுக்கத் துண்டு வெள்ளையாகவே இருந்தது. சீதாலெட்சுமி அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, நல்ல சேலை கட்டிச் செராஸுக்குப் பஸ் ஏறினாள். நாகையா அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டுச் சாலையோரத்தில் காத்து நின்றான்.

சாயங்கால பஸ்ஸிலிருந்து அவள் மட்டும் இறங்கினாள்.

"எங்க புள்ள?"

"இந்த வருஷம் அங்க பள்ளிக்கூடத்துல சேத்துட்டாங்க. பாதி வருஷத்துல நிறுத்தக் கூடாதாம். டிசம்பர் லீவுக்குத்தான் வருவாளாம்." என்றாள். "மழை வந்த அன்னிக்கி நீங்க அந்த மூடிய தொறந்து கட்டாம இருந்திருந்தீங்கன்னா, இந்நேரம் அவ இங்கதாங்க படிச்சிக்கிட்டு இருந்திருப்பா."

சீதாலெட்சுமி பையிலிருந்து துண்டை எடுத்து அவன் தோளில் போட்டாள்.

"டிசம்பர் வரைக்கும் இது கொடியிலயே கெடக்கட்டும். இதுல ஒரு பொட்டு விழுந்துச்சு, அப்பறம் நானும் செராஸுக்குப் போயிருவேன்."

நாகையா துண்டைக் கொடியில் விரித்துவிட்டு மில்லுக்கு நடந்தான். லயத்துப் பெண்கள் இருவர் டின்னோடு புனலின் அடியில் காத்திருந்தார்கள்.

"அண்ணே, சாம்பலு?"

"மூடியாச்சு. இனிமே நான் எறக்குறப்பதான். போங்க," என்றவன், மூடிகளை இன்னொரு முறை அழுத்திப் பார்த்தான்.